ஹெல்மெட்டுக்குள் வைத்த சோறு

அக்கா,

செவ்வாய்க்கிழமை காலை, இப்போது நான் வேலை பார்க்கிற குன்னம் ஆஸ்பத்திரியில் கட்டுப்போடும் அறைக்குள் நுழைந்ததும் எலுமிச்சைச் சாத வாசனை அடித்தது. டெட்டால் நெடியைத் தவிர வேறு எதுவும் மூக்கில் ஏறாத அறை அது. சுற்றிப் பார்த்தேன். பெஞ்சுக்கு அடியில் ஒரு கறுப்பு ஹெல்மெட் மல்லாக்க இருந்தது. அதன் வாயைப் பழைய துண்டால் இழுத்து முடிச்சுப் போட்டிருந்தார்கள். அவிழ்த்துப் பார்க்கத் தேவையே இல்லை, உள்ளே என்ன இருக்கும் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அவிழ்த்தேன். டிபன் பாக்ஸ் மூடி நழுவி, மஞ்சள் சோறு ஹெல்மெட்டின் உள்பஞ்செல்லாம் அப்பியிருந்தது. தலையில் தேய்த்த தேங்காயெண்ணெய் வாசனையும் தாளித்த கடுகு வாசனையும் ஒன்றாக வந்தன.  கேஷுவாலிட்டியில் இத்தனை வருஷம் நின்றவள், ஒரு பிடி சோற்றைப் பார்க்க முடியாமல் துண்டை மறுபடி கட்டினேன் அக்கா.

ஹெல்மெட்டுக்கு உரியவர் கட்டிலில் படுத்திருந்தார். ரோட்டில் மக்காச்சோளம் காயப்போட்டிருந்தார்கள், பைக் வழுக்கிவிட்டது. கை முறிந்திருந்தது, நெற்றியில் தையல். நல்ல வேளை, எதிரே வண்டி எதுவும் வரவில்லை. அவர் மனைவி கால்மாட்டில் நின்றுகொண்டிருந்தாள். இதை யார் இப்படிக் கட்டிக் கொடுத்தது என்று கேட்டேன். நான் திட்டப்போகிறேன் என்று அவளுக்குத் தோன்றவில்லை. கொஞ்சம் பெருமையோடுதான் சொன்னாள்.

"நான்தான் சிஸ்டர். உடையார்பாளையம் பக்கம் ஒரு நர்ஸம்மா சொல்லிக் குடுத்தாங்களாம். ஹெல்மெட்டுல சோத்தை வெச்சுட்டா ஆம்பளைங்க மறக்காம எடுத்துக்கிட்டுப் போயிடுவாங்கன்னு. என் நாத்தனாரை அங்கதான் கட்டிக் குடுத்திருக்கு. எங்க தெருவுல இப்ப எல்லாரு வூட்டுலயும் அப்பிடித்தான்."

அந்த நர்ஸம்மா நீங்கள்தான். நீங்கள் போய் இது இரண்டாவது மழைக்காலம். நீங்கள் வேண்டாம் என்று கைவிட்ட ஒன்று, உங்கள் பேரைச் சொல்லிக்கொண்டு ஊர் ஊராக நடந்து குன்னம் வரைக்கும் வந்துவிட்டது. அதற்குப் பிறகு நீங்கள் சொன்னது மட்டும் உங்கள் தெருவைத் தாண்டவில்லை. அன்று முழுக்க எனக்கு வேலையில் மனசு நிற்கவில்லை. உங்களிடம் சொல்ல வேண்டும் போல் இருந்தது. சொல்ல நீங்கள் இல்லை, அதனால் எழுதுகிறேன்.

அரியலூர் ஆஸ்பத்திரிக்கு நான் மாற்றலாகி வந்த புதிதில் உங்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சலாக இருக்கும். எல்லோரும் வேலை செய்துகொண்டிருப்போம், நீங்கள் எதையாவது இடம் மாற்றிக்கொண்டிருப்பீர்கள். கை கழுவும் மருந்துப் பாட்டில் வார்டின் கடைசி மூலையில், 'அவசியம் கைகளைக் கழுவவும்' என்ற பலகைக்குக் கீழே இருக்கும். பலகையை எல்லோரும் படிப்பார்கள், ஒருவரும் கழுவ மாட்டார்கள். நீங்கள் ஒருநாள் அந்தப் பாட்டிலைப் பிடுங்கி வந்து வாசல் நிலையில், சரியாகக் கை உயரத்துக்குக் கட்டித் தொங்கவிட்டீர்கள். நோயாளியைப் பார்க்க வந்த சனம் உள்ளே நுழையும்போதே அதை ஒரு அமுக்கு அமுக்கிக்கொண்டு போனது. ஏன் என்று கேட்டால் அவர்களுக்கே தெரியாது. நான் வாயைப் பிளந்து நின்றேன். "புத்தி சொல்றதை விட்டுட்டுப் பொருளை நகத்திப் பாரு" என்றீர்கள். அதன்பிறகு நான் உங்களை விட்டு நகரவில்லை.

ஹெல்மெட் விஷயத்திலும் முதலில் புத்திதான் சொல்லிப் பார்த்தோம். ஊர்வலம் போனோம். பள்ளிப் பிள்ளைகள் அட்டை பிடித்தார்கள், ஒலிபெருக்கியில் யாரோ கத்தினார், மோர் கொடுத்தார்கள். வேடிக்கை பார்த்தவர்கள் அத்தனை பேரும் நியாயம்தான் என்று தலையாட்டினார்கள். ஊர்வலம் முடிந்து, அந்த ஒலிபெருக்கிக்காரரே வெறுந்தலையோடு பைக்கில் ஏறிப் போனார். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. நீங்கள் சிரிக்கவில்லை. நம் வேலை என்ன என்று உங்களுக்குத் தெரியும். சுண்ணாம்புக்கல் லாரிகள் ஓயாமல் ஓடுகிற ரோடு அது. புழுதியில் முன்னால் போகிற வண்டியே தெரியாது. அதில் விடியற்காலை ஷிஃப்ட்டுக்கு சிமெண்ட் ஆலைக்குப் பறக்கிற ஆண்கள். அவர்களில் சிலர் வழியில் நம்மிடம் வந்து சேர்வார்கள். கை கால் போனவனுக்கு ஏதாவது செய்யலாம். தலையில் அடிபட்டவனுக்கு நாம் செய்தது பெரும்பாலும் திருச்சிக்கு ஆம்புலன்ஸ் ஏற்றிவிட்டதுதான்.

ஒருநாள் தலைக்காயத்தோடு வந்தவனின் மனைவியிடம், வீட்டில் ஹெல்மெட் இல்லையா என்று கேட்டீர்கள். இருக்கிறது, பீரோ மேலே, பிளாஸ்டிக் உறை கூடப் பிரிக்காமல் என்றாள். வண்டிச் சாவி எங்கே இருக்கும் என்று கேட்டீர்கள். நிலைக்குப் பக்கத்தில் ஆணியில் என்றாள்.  அன்று டியூட்டி முடிந்து பஸ் நிலையத்துக்கு நடக்கும்போது சொன்னீர்கள்.

"அவனுங்களுக்குத் தெரியாம இல்லடி. பீரோ மேல ஏறி எடுக்க சோம்பேறித்தனம். எதை மறக்க மாட்டானோ அதோட சேத்துக் கட்டிவுட்டுடணும்."

எதை மறக்க மாட்டான் என்று கேட்டேன். சோத்தை என்றீர்கள்.

நம் பக்கத்து வீடுகளில் எந்த ஆண் சாப்பாட்டைத் தானே எடுத்துக்கொண்டு போகிறான்? மனைவி கட்டி, கையில் கொடுக்க வேண்டும். அந்தக் கையைத்தான் நீங்கள் பிடித்தீர்கள். டிபன் பாக்ஸை ஹெல்மெட்டுக்குள் வைத்துக் கொடுங்கள், கூடவே ஒரு பையும் கொடுங்கள். சோற்றைப் பையில் போட்டுக்கொண்டால் ஹெல்மெட் கையில் நிற்கும். கையில் நிற்பதை மாட்டிக்கொண்டுதானே போயாக வேண்டும்? மகளிர் குழுப் பெண்களிடம் நீங்கள் சொன்னது இவ்வளவுதான். எனக்கு ஏனோ உறுத்தியது. இது ஒரு மாதிரி ஏமாற்று வேலை இல்லையா அக்கா என்றேன். உங்களுக்குக் கோபம் வந்துவிட்டது. "சோத்தை ஒளிச்சு வெச்சாத்தான் ஏமாத்து. கண்ணு முன்னாடி ஹெல்மெட்டுல வெச்சுக் குடுக்கறதுல என்னடி ஏமாத்து? புடிக்கலன்னா சோத்தை எடுத்துக்கிட்டு ஹெல்மெட்டை வெச்சுட்டுப் போகட்டும், யாரு தடுத்தா?" என்றீர்கள்.  

முதலில் ஒத்துக்கொண்டது எதிர் வீட்டுச் செல்வி. முந்திரி உடைக்கப் போகிறவள். கொட்டை எண்ணெயில் விரல்களெல்லாம் கறுத்து, தோல் உரிந்திருக்கும். உங்களை அவளுக்கு அவ்வளவு பிடிக்கும். அவள் கல்யாணத்துக்கு நீங்கள்தான் அந்த எவர்சில்வர் டிபன் பாக்ஸை வாங்கி, பாத்திரக் கடையிலேயே மூடியில் உங்கள் பெயரை வெட்டிக் கொடுத்தீர்கள். அதே பாக்ஸில்தான் அவள் கணவன் முருகேசனுக்குத் தினமும் சோறு போகும். அவன் உங்களை அக்கா என்றுதான் கூப்பிடுவான். முதல் நாள், ஹெல்மெட்டுக்குள் பாக்ஸைப் பார்த்துவிட்டு, "என்னக்கா, இனிமே இதுலதான் சாப்புடணுமா?" என்று வாசலில் நின்று கேட்டானாமே. தெருவே சிரித்ததென்று நீங்கள் வந்து சொன்னீர்கள்.

அது வேலை செய்தது அக்கா. அதை நான் சொல்லியாக வேண்டும். கொஞ்ச நாளில் உங்கள் தெருவிலிருந்து போகிற பைக்குகளில் வெறுந்தலையைப் பார்ப்பதே அரிதாகிவிட்டது. பக்கத்துத் தெருவுக்குப் போயிற்று, பக்கத்து ஊருக்குப் போயிற்று. நீங்கள் ஷிஃப்ட் நேரத்தில் வேண்டுமென்றே முக்கு டீக்கடையில் நின்று, போகிற தலைகளைப் பார்த்துவிட்டு வருவீர்கள். அந்த நாட்களில் உங்கள் முகம் எப்படி இருந்தது என்று எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. பிறகு அந்த முகத்தை நான் பார்க்கவே இல்லை.

பை எப்போது நின்றது என்று நமக்குத் தெரியவில்லை. அதுதான் நடந்தது. ஹெல்மெட்டே பை மாதிரி இருக்கும்போது இன்னொரு பை எதற்கு என்று எந்த வீட்டிலோ முதலில் தோன்றியிருக்கிறது. சோறு சிந்தக்கூடாது என்று ஒருத்தி துண்டு கட்டியிருக்கிறாள். இன்னொருத்தி ஊறுகாயையும் தண்ணீர் பாட்டிலையும் சேர்த்து வைத்திருக்கிறாள். எல்லாம் பிரியத்தில் செய்ததுதான். கட்டிக் கொடுத்ததை வாசலில் நின்று அவிழ்த்து, சோற்றை வெளியே எடுத்து வைத்துவிட்டுத் தலையில் மாட்ட எந்த ஆணுக்குப் பொறுமை இருக்கிறது? கைப்பிடியில் மாட்டினான், போய்க்கொண்டிருந்தான். ஹெல்மெட் இல்லாமல் ஒருவனும் வீட்டை விட்டுக் கிளம்பவில்லை. தலையில்தான் இல்லை.

ஒருநாள் காலை நாம் இருவரும் பஸ்ஸில் வரும்போது நீங்கள்தான் அதை முதலில் பார்த்தீர்கள். ஒரு பைக்கில் ஹெல்மெட் துண்டு கட்டித் தொங்கியது. அடுத்ததிலும். நீங்கள் என் கையை இறுக்கிப் பிடித்தீர்கள். சாயங்காலமே தெருப் பெண்களைக் கூப்பிட்டுச் சொல்லிவிடுகிறேன், பையை மறுபடி எடுக்கச் சொல்கிறேன் என்றீர்கள். சாயங்காலம் வரை நேரம் இருக்கிறது என்று நாம் இருவருமே நினைத்தோம்.

அன்று மதியத்துக்கு முன்பே முருகேசனைக் கொண்டுவந்தார்கள். காலையில் வேலைக்குப் போனவன், சரக்கு இறக்க லாரிக்குப் பின்னால் தன் பைக்கிலேயே போய், திரும்பி வரும்போது அடிபட்டிருக்கிறான். முகம் அடையாளம் தெரியவில்லை. நீங்கள் வேறு எந்தத் தலைக்காயத்துக்கும் செய்வதைப் போல மளமளவென்று செய்துகொண்டிருந்தீர்கள். கூட வந்தவர்களில் ஒருவர் ஹெல்மெட்டைக் கொண்டுவந்து மேசை மேல் வைத்தார். அதில் ஒரு கீறல் கூட இல்லை. துண்டைத் தளர்த்திப் பார்த்தவள் நான். டிபன் பாக்ஸ் மூடியில் உங்கள் பெயர் வெட்டியிருந்தது. நான் உங்களைப் பார்த்தேன். நீங்கள் வந்து பார்த்தீர்கள். பிறகு கட்டிலுக்குப் போய் அவன் கையைப் பிடித்துக்கொண்டு, "முருகேசா, அக்காடா" என்றீர்கள். அவனுக்குக் கேட்டிருக்காது.

செல்வி வந்தபோது அவள் கை முந்திரி எண்ணெயோடுதான் இருந்தது. வேலையிலிருந்து அப்படியே ஓடி வந்திருந்தாள். அழுது ஓய்ந்து, சுவரோரம் உட்கார்ந்திருந்தவள், உங்களை நிமிர்ந்து பார்த்தாள். அவள் குரலில் கோபம் கொஞ்சமும் இல்லை. இருந்திருந்தால் நீங்கள் தாங்கியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன்.

"நீங்க சொன்னபடிதானேக்கா வெச்சுக் குடுத்தேன்."

நீங்கள் அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தீர்கள். வெள்ளை உடுப்போடு. நம் வார்டில் நர்ஸ் தரையில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

அதன்பிறகு நீங்கள் பேசியதெல்லாம் கொஞ்சம்தான். டீக்கடை முக்கில் நிற்பதை விட்டுவிட்டீர்கள். உங்களால் பிழைத்தவர்களும் இருப்பார்கள் அக்கா என்று நான் தேற்றப் பார்த்தேன். பிழைத்தவன் எவனும் நம் வார்டுக்கு வரமாட்டான் என்றீர்கள். அது எவ்வளவு பெரிய தண்டனை என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. நாம் தடுத்தது எதுவும் நம் கண்ணில் படாது. தடுக்காமல் விட்டது மட்டும் ஸ்ட்ரெச்சரில் வரும், பேர் சொல்லிக்கொண்டு வரும்.

செல்விதான் உங்களை மறுபடி பேச வைத்தாள். முருகேசன் காரியமெல்லாம் முடிந்து பல நாள் கழித்து, ஒரு சாயங்காலம் உங்கள் வீட்டு வாசலில் உட்கார்ந்து சொன்னாளாம். அன்றைக்கு அவன் வழக்கம்போல "போயிட்டு வரேன்" என்று குரல் கொடுத்திருக்கிறான். அவள் அடுப்பைப் பார்த்தபடியே "போயிட்டு வாங்க" என்று சொல்லியிருக்கிறாள். ஒரு தடவை நிமிர்ந்து பார்த்திருந்தால் தலையில் என்ன இருக்கிறது, கையில் என்ன இருக்கிறது என்று தெரிந்திருக்கும். அவள் இதைத் தன்னையே குத்திக்கொள்ளத்தான் சொன்னாள். நீங்கள் அதை அப்படியே விடவில்லை. நம் பக்கத்தில் எந்த ஆணும் "போறேன்" என்று சொல்லிவிட்டுக் கிளம்ப மாட்டான். "வரேன்" என்பான். பதிலுக்கு உள்ளேயிருந்து "வாங்க" என்று ஒரு குரல் வராமல் படி இறங்கவும் மாட்டான். மறந்து பதில் சொல்லாவிட்டால் நின்று இன்னொரு தடவை சொல்வான். சகுனம் என்று ஒத்துக்கொள்ள மாட்டான், ஆனாலும் நிற்பான். அந்த நிற்கிற நேரத்தைத்தான் நீங்கள் எடுத்துக்கொண்டீர்கள்.

தெருப் பெண்களை மறுபடி கூட்டினீர்கள். சோறு பையிலேயே போகட்டும், ஹெல்மெட் வாசல் ஆணியில் வெறுமனே தொங்கட்டும் என்றீர்கள். அவன் "போயிட்டு வரேன்" என்று சொன்னால் உள்ளேயிருந்து பதில் சொல்லாதீர்கள். வாசலுக்கு வாருங்கள். சண்டை வேண்டாம், புத்தி சொல்ல வேண்டாம், வாயைத் திறக்கவே வேண்டாம். தலையில் ஏறி, பட்டையைப் பூட்டுகிற சத்தம் கேட்ட பிறகு, "போயிட்டு வாங்க" என்று சொல்லுங்கள். "பதில் நம்ம கையில இருக்கு. அதை நிமிந்து பாத்துட்டுக் குடுப்போம்" என்றீர்கள். செல்வி கூட்டத்தின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். பதில் சொல்ல அவளுக்கு ஆள் இல்லை. இருந்தும் கூட்டம் முடியும் வரை இருந்துவிட்டுத்தான் எழுந்து போனாள்.

அது உங்கள் தெருவில் நிலைத்தது. ஆனால் சோற்றைப் போல அது பரவவில்லை. சோற்றை ஹெல்மெட்டில் வைப்பதை ஒரு வரியில் நாத்தனாரிடம் சொல்லிவிடலாம், சிரித்துக்கொண்டு சொல்லலாம். வாயை மூடிக்கொண்டு வாசலில் நிற்பதை எப்படிச் சொல்வது? அதைச் சொல்லப் போனால் முருகேசனைச் சொல்ல வேண்டும். யாருக்கும் அதைச் சொல்ல மனம் வரவில்லை.

உங்கள் மேல் எனக்கு ஒரு கோபம் இருக்கிறது அக்கா. இன்னும் ஆறவில்லை. மார்பில் கட்டி இருப்பது உங்களுக்கு எத்தனையோ மாதங்களாகத் தெரிந்திருக்கிறது. ஸ்கேன் அறை நம் வார்டிலிருந்து கூப்பிடு தூரம். தினமும் அதைத் தாண்டித்தான் டியூட்டிக்கு வருவீர்கள். ஊரில் உள்ளவன் தலைக்கெல்லாம் வழி யோசித்தீர்கள். உங்களுக்கு எந்தப் பொருளையும் யாரும் நகர்த்தி வைக்கவில்லை. கேட்டபோது, "தெரியாம இல்லடி" என்று மட்டும் சொன்னீர்கள். பீரோ மேலே ஹெல்மெட்டை வைத்திருந்தவர்களைப் பற்றி நீங்கள் சொன்ன அதே வார்த்தை. நான் அன்று உங்களைத் திட்டினேன். நீங்கள் கேட்டுக்கொண்டே மாத்திரைத் தட்டை அடுக்கினீர்கள்.

கடைசியாகத் திருச்சிக்குப் போன அன்று நான் ஆஸ்பத்திரி வாசலில் நின்றேன். உங்கள் தம்பி காரை எடுத்து வரப் போயிருந்தார். முடியெல்லாம் கொட்டி, தலையில் பழுப்பு நிறக் கம்பளிக் குல்லா போட்டிருந்தீர்கள், சித்திரை வெயிலில். "போயிட்டு வரேண்டி" என்றீர்கள். ஆஸ்பத்திரி வாசலில் நாம் யாருக்கும் "வாங்க" என்று சொல்வதில்லை. குணமாகிப் போகிறவர்களும் சொல்லிக்கொள்ளாமல்தான் போவார்கள், திரும்ப வரக்கூடாது என்பதற்காக. அந்தப் பழக்கம் என் நாக்கில் வந்து உட்கார்ந்துகொண்டது. நீங்கள் நோயாளியாகப் போகிறீர்களா, நர்ஸாகப் போகிறீர்களா என்று எனக்குப் புரியவில்லை. நான் நின்றுகொண்டே இருந்தேன். நீங்கள் என்னைப் பார்த்துச் சிரித்தீர்கள். குல்லாவைக் காதுவரை இழுத்துவிட்டுக்கொண்டீர்கள்.

"தலையிலதான் மாட்டியிருக்கேன்ல. சொல்லேன்."

போயிட்டு வாங்கக்கா என்று சொன்னேன். சொன்னேன்தான். நீங்கள் வரவில்லை.

இப்போது இந்த வாரத்துக்கு வருகிறேன். குன்னத்துப் பெண்ணிடம் அன்றே விஷயத்தைச் சொல்லலாமா என்று வாயெடுத்தேன். புத்தி சொல்வதாகத்தான் போய் முடியும் என்று தோன்றியது. அவளும் தலையாட்டியிருப்பாள். அன்று மாலை செல்விக்கு போன் செய்தேன். நடந்ததைச் சொல்லி, உன் வீட்டுக் கதையை அந்தத் தெருவில் சொல்லலாமா, உனக்குச் சம்மதமா என்று கேட்டேன்.  

"நீங்க சொல்ல வேணாம் சிஸ்டர். நான் வரேன்" என்றாள்.

இன்று ஞாயிறு. காலையில் ஸ்கூட்டரில் போய் அவளைக் கூட்டி வந்தேன். அவள் கையில் ஒரு துணிப்பை இருந்தது. தலையில் மாட்டிக்கொள்ள வீட்டுக்குள்ளிருந்து எடுத்து வந்தது முருகேசனின் அந்த ஹெல்மெட். துடைத்துத்தான் வைத்திருக்கிறாள். அவள் தலைக்குப் பெரிது, பட்டையை இழுத்து இறுக்கிக்கொண்டாள். பின்னால் உட்கார்ந்து என் தோளைப் பிடித்தாள். 

குன்னத்தில் அந்தப் பெண்ணின் வீட்டு வாசலில் தெருப் பெண்கள் கூடியிருந்தார்கள். கை முறிந்தவர் உள்ளே கட்டிலில் கிடந்தார். நான் ஓரமாக உட்கார்ந்துகொண்டேன். செல்வி துணிப்பையிலிருந்து டிபன் பாக்ஸை எடுத்து, ஹெல்மெட்டுக்குள் வைத்து, ஒரு துண்டால் கட்டி, எல்லோருக்கும் நடுவில் வைத்தாள். இப்படித்தானே கட்டிக் கொடுக்கிறீர்கள் என்று கேட்டாள். ஆமாம் என்றார்கள். நானும் இப்படித்தான் கட்டிக் கொடுத்தேன் என்றாள். பிறகு மீதியைச் சொன்னாள். அழவில்லை. அடுப்பைப் பார்த்துக்கொண்டே பதில் சொன்னதையும் சொன்னாள். அந்த நர்ஸம்மாவே பிறகு இதை வேண்டாம் என்று சொல்லிவிட்டார் என்றாள். அவர் வேறொன்று சொன்னார், அதை யாரும் உங்களிடம் கொண்டுவரவில்லை, அதனால் நான் கொண்டு வந்தேன் என்றாள். முடித்துவிட்டுத் துண்டை அவிழ்த்தாள்.  கட்டில்காரரின் மனைவி எழுந்து உள்ளே போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தாள்.

அந்தத் தெருவில் இனி என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது அக்கா. நாளைக்கு எத்தனை பேர் வாசலில் வந்து நிற்பார்களோ. திரும்பி வரும் வழியிலேயே துண்டு கட்டிய ஹெல்மெட் ஒன்று எதிரே ஆடிக்கொண்டு போனது. செல்வியும் அதைப் பார்த்திருப்பாள். என் தோளில் அவள் பிடி இறுகியது.

பாதி வழியில் ஒரு புளியமரத்தடியில் வண்டியை நிறுத்தச் சொன்னாள். டிபன் பாக்ஸ் வெறும் பாக்ஸ் என்றுதான் நான் நினைத்திருந்தேன். உள்ளே தயிர்சாதம் இருந்தது. அன்றைக்கு அப்படியே திரும்பி வந்த சோற்றைக் கொட்டிக் கழுவி வைத்த பிறகு, இதில் எதையும் வைத்ததில்லை என்றாள். மூடியில் எனக்குக் கொஞ்சம் போட்டுக் கொடுத்தாள். மேலே வெட்டிய உங்கள் பெயர் உள்பக்கம் இடவலம் மாறிப் புடைத்து, சோற்றுக்கு அடியில் இருந்தது. சாப்பிடச் சாப்பிட ஒவ்வொரு எழுத்தாகத் தெரிந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. செல்வி என்னைத் தேற்றவில்லை, சாப்பிடுங்க சிஸ்டர் என்று மட்டும் சொன்னாள்.

அவளை வீட்டில் இறக்கிவிடும்போது வெயில் தாழ்ந்துவிட்டது. எதிரே உங்கள் வீடு பூட்டிக் கிடக்கிறது, தெருவுக்குக் காட்டுவதற்காக நீங்கள் அடித்த ஆணி மட்டும் வாசலில் இருக்கிறது. அதையே பார்த்துக்கொண்டு வண்டியைத் திருப்பினேன். "போயிட்டு வரேன் செல்வி" என்றேன். பதில் வரவில்லை. அவள் படியில் நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். காதில் விழவில்லை போல என்று இன்னொரு தடவை சொன்னேன். அப்போதும் அவள் வாயைத் திறக்கவில்லை. பிறகுதான் எனக்கு உறைத்தது. மரத்தடியில் கழற்றிய என் ஹெல்மெட் முன்னால் கொக்கியில் தொங்கிக்கொண்டிருந்தது. அங்கிருந்து இங்கே வரை அப்படியேதான் வந்திருக்கிறேன். பின்னால் ஒருபக்கமாக உட்கார்ந்து வந்த செல்வியும் இறங்கிய பிறகுதான் அதைக் கவனித்திருக்கிறாள். உங்களிடம் இத்தனை வருஷம் இருந்தவள், காலையில் அவ்வளவையும் கேட்டவள், கண்ணைத் துடைத்துக்கொண்டு வெறுந்தலையோடு வண்டியை எடுத்திருக்கிறேன். தெரியாமல் இல்லை அக்கா.

எடுத்து மாட்டினேன். பட்டை டக்கென்று பூட்டிக்கொண்டது.

"போயிட்டு வாங்க சிஸ்டர்" என்றாள் செல்வி.